தொண்டையை மரக்க வைக்க எந்த மருந்து? தொடக்க நிலைக்கு ஒரு கணக்கு

ஆசாரிப்பள்ளத்தில் மயக்கவியல் டெக்னீஷியன் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இது. நோயாளி விழித்திருக்கும்போதே மூச்சுக்குழலில் குழாய் போடுவதற்கு முன் தொண்டையை மரக்க வைப்பது பற்றித்தான் பேச்சு. மருந்தை முடிவு செய்வது மயக்க மருத்துவர். ஆனால் டிரே வைப்பது நீங்கள்தானே, கணக்கு உங்களுக்கும் தெரியணும்.

படி 1: மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

லிக்னோகெயின் (தியேட்டரில் சைலோகெயின் என்றால்தான் புரியும்) சில நிமிடத்தில் மரக்க வைக்கும். கால் மணி முதல் அரை மணி வரை நிற்கும். பென்சோகெயின் அதைவிட வேகம். ஆனால் சிலருக்கு ரத்தத்தில் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) ஏறிவிடும். ஆக்சிமீட்டர் 85-ஐ ஒட்டி நின்றுவிடும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். முறிக்க மெத்திலீன் புளூ வேண்டும். பியூபிவகெயின் மெதுவாகப் பிடித்து நெடுநேரம் நிற்கும். அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். டான்சில் எடுத்த குழியில் வலிக்கு ஊசியாகப் போடுவதுண்டு, ஸ்பிரேக்கு அது சரிப்படாது. என் ஓட்டு லிக்னோகெயினுக்கே.

படி 2: வாயை உலர்த்துங்கள்

எச்சில் மருந்தைக் கழுவிவிடும். எச்சிலைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட் முன்கூட்டியே போகணும்.

படி 3: கூட்டுங்கள்

1% என்றால் மில்லிக்கு 10 மி.கி. விழித்த நிலையில் குழாய் போட, கிலோவுக்கு 9 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்கிறது 2020-ல் வந்த பிரிட்டன் வழிகாட்டி. கொழுப்பு நீக்கிய எடைக்குத்தான் இந்தக் கணக்கு. அந்த எடை 50 கிலோ என்றால் 450 மி.கி.

10% ஸ்பிரேயை 10 முறை அடித்தால், முறைக்கு 10 மி.கி. வீதம்: 100 மி.கி. நெபுலைசரில் 4% 5 மில்லி: 200. 2% ஜெல்லி 5 மில்லி: 100. மொத்தம் 400. பிறகு கழுத்தின் இருபுறமும் நரம்புக்கு 2% மருந்து இரண்டிரண்டு மில்லி போட்டால் இன்னொரு 80. எல்லை தாண்டிவிட்டது! தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே அதிகமாகத் தெரியாது. அதனால் போகப் போகப் பலகையில் எழுதுங்கள்.

வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்தது வலிப்பாக இருக்கலாம். மரப்பு மருந்து நஞ்சானால் முறிக்கக் கொடுக்கும் கொழுப்புத் திரவமான 20% லிப்பிட் எமல்ஷன் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

படி 4: கூட வந்தவர்களிடம் பேசுங்கள்

"தொண்டை காஞ்சு கெடக்கு, கொஞ்சம் கஞ்சிவெள்ளம் குடுக்கட்டா மக்களே?" என்று ஒரு பாட்டி கட்டாயம் கேட்பார். மரத்த தொண்டையில் அது நுரையீரலுக்குப் போகும். குறைந்தது ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். மரப்பு விட்டதும் மருத்துவரைக் கேட்டு, நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர். இருமல் வரவில்லையென்றால் பிறகு கஞ்சி.