செல்லின் பூர்வீகம் கேளுங்கள்: புற்றுநோய்ப் பரவல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கமிருந்து முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகத்துக்குத் திட்டப்பணிக்கு வருகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளையே பிசகாமல் செய்கிறார்கள். கையுறை போடு, குப்பியில் தேதி எழுது என்பதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன்.

யாரோ கொடுத்த செல்லை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தெரிந்தவர் ஆய்வகத்தில் ஒரு குடுவை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாளே சோதனையைத் தொடங்கிவிடுவார்கள். குடுவைமேல் பேனாவால் எழுதியிருப்பதுதான் ஒரே அத்தாட்சி.

எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை (ஒரே மூலத்திலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள்), மார்பகப் புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று அறிய உலகெங்கும் பல ஆண்டுகள் பயன்பட்டது. 2000இல் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களோடு போய்ச் சேர்ந்தது. பிறகு, எம்14 என்ற மெலனோமா வரிசையும் அதுவும் ஒன்றே என்று டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது. அதற்குள் அச்சேறிய கட்டுரைகளை யார் திருத்துவது?

குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் ஆய்வில் சேதம் இன்னும் அதிகம். டிராஸ்டுசுமாப், ஹெர்2 புரதம் மிகுந்த செல்களைக் குறிவைக்கும் ஆன்டிபாடி மருந்து. ஒரு மாணவி அதை எஸ்கே-பிஆர்-3 (ஹெர்2 மிகுந்த மார்பகப் புற்றுநோய் வரிசை) என்று எழுதிய செல்களில் போட்டாள், அசைவே இல்லை. அளவைக் கூட்டினாள், புது ஆன்டிபாடி வரவழைத்தாள், பணமும் பருவமும் கரைந்தன. கடைசியில், செல் எதுவென்று டிஎன்ஏவை வைத்து அடையாளம் காட்டும் எஸ்டிஆர் சோதனை செய்தால், வந்தது ஹீலா! கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல். அவளுடைய அப்பா விவசாயி. சான்று அட்டை இல்லாத விதைநெல் மூட்டையை வீட்டு வாசலில்கூட இறக்கவிடமாட்டார்.

புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற சேமிப்பகத்தில் வாங்குங்கள். வந்ததும் பெருக்கி, சில குப்பிகளை உறையவையுங்கள். எஸ்டிஆர், மைக்கோபிளாஸ்மா (வளர்ப்புச் செல்களில் தொற்றும் பாக்டீரியா) சோதனைகளுக்குச் செலவாகிறது என்று முனகும் வழிகாட்டியிடம், வீணான ஆன்டிபாடியின் ரசீதைக் காட்டுங்கள்.

கீறல் மூடியதும் 'செல் நகர்ந்தது' என்பது

வளர்ப்புத் தட்டில் படர்ந்த செல்களின் நடுவே கீறிவிட்டு, இடைவெளி மூடுகிறதா என்று பார்க்கும் சோதனை இது. செல் நகராமல் பெருகினாலும் கீறல் மூடும். மைட்டோமைசின்-சி என்ற மருந்தைக் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

தட்டோடு முடித்துக்கொள்வது

டிராஸ்டுசுமாப் போன்றவை நோயெதிர்ப்புச் செல்களை அழைத்து வந்தும் கொல்கின்றன. நோயெதிர்ப்புச் செல்களின் மேல் இருந்து அந்த அழைப்பைக் கேட்கும் எஃப்சி ஏற்பிகள் செயல்படாத எலிகளில் மருந்தின் பலன் வெகுவாகக் குறைந்தது. தட்டில் புற்றுநோய்ச் செல் மட்டும் இருந்தால் பாதி வேலை கண்ணில் படாது. இயற்கைக் கொல்லிச் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் சேர்த்து வையுங்கள்.

ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்குவது

கூடாது. வந்த அன்றே சிறு பங்குகளாகப் பிரித்துவிடுங்கள்.

ஐசோடைப் கட்டுப்பாடு இல்லாத படம்

அதே வகையைச் சேர்ந்த, ஆனால் இலக்கைப் பற்றாத ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் ஒப்பீடுதான் ஐசோடைப் கட்டுப்பாடு. அது இல்லாத படத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள்.