ஸ்டிக்கில் பிழையில்லை: வீட்டில் விமானம் ஓட்டுபவர்கள் விடும் தவறுகள்

கொம்பியூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்ட நான் முதலில் வாங்கியது யோக். செஸ்னா என்ற சின்ன விமானத்தில் இருப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிற சாமான். படத்தில் பார்க்க அசல் கொக்பிட்டேதான். கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்து இறங்கிய அன்றே பெட்டியை உடைத்தேன். வீட்டில் இருந்த ஒரே மேசை அம்மாவின் தையல் மெசின் மேசை. விளிம்பு வளைந்தது, அடியில் இரும்புச் சட்டம். கிளாம்பை எங்கே வைத்து இறுக்கினாலும், மூக்கைத் தூக்க இழுத்தவுடன் யோக்கும் மேசையும் சேர்ந்து மடிக்கு வந்தன. "என்ன மனே, மெசினப் பிரிக்கப் போறியா?" என்று அம்மா கேட்டதோடு யோக் பெட்டிக்குள் திரும்பிப் போனது.

ஆகவே, விலையைப் பார்க்கும் முன் மேசையைப் பாருங்கள். பலகையின் தடிப்பு எவ்வளவு, விளிம்பு நேராக இருக்கிறதா, யோக்கின் தண்டு உங்களை நோக்கி நீண்டு வந்தபிறகு கீபோர்ட்டுக்கு இடம் மிஞ்சுமா என்று அளந்து பார்க்காமல் ஓடர் போடாதீர்கள்.

அடுத்த கேள்வி, நீங்கள் எதை ஓட்டப் போகிறீர்கள் என்பது. போயிங் 737, செஸ்னா 172 இரண்டிலும் யோக்தான். 1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இலோ பக்கத்தில் சின்ன ஸ்டிக். யோக்கை வைத்துக்கொண்டு ஏ320 ஓட்டுவது கரண்டியால் இடியப்பம் சாப்பிடுவது மாதிரி, வயிறு நிறையும், ஆனால் கைக்குப் பிடிக்காது. ஏ320இன் கப்டன் இடது ஆசனத்தில் இருந்து இடது கையால் ஸ்டிக்கைப் பிடிப்பார், வலது கை எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலில் இருக்கும். கடையில் கிடைக்கும் பல ஸ்டிக்குகள் வலது கைக்கென்றே வார்த்தவை. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்ற சிலவற்றையே இரண்டு கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிற ஆளென்றால், முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) வேலை செய்கிற, அடியில் ஒரு த்ரொட்டில் நெம்பு உள்ள சாதாரண ஸ்டிக் போதும் என்பது என் கட்சி. அதற்கும் காசில்லையென்றால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் கேம்பேட் எதுவானாலும் சரி. ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம்தானே, முதலில் அதில் ஒரு மாதம் ஓடிப் பாருங்கள்.

பாவித்த ஸ்டிக் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். மலிவான ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரித் தடமொன்றில் ஒரு முனை உரசி உரசி அளவு சொல்லும். உரசுவது தேயும், தூசும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். ஹோல் சென்சர் உள்ளதில் காந்தத்தின் அசைவைத்தான் அளக்கிறார்கள், உரசல் கிடையாது. கேட் பிணைச்சல் மூன்று வருடத்தில் துருப்பிடிக்கிற மட்டக்களப்புக் கல்லடிக் கடற்காற்றில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. வாங்கும்போதே விண்டோஸ் கொம்பியூட்டரில் செருகி, ரன் பெட்டியில் ஜோய் டொட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்துத் திறந்து பாருங்கள். ஒரு சின்னச் சிலுவைக் குறி தெரியும். ஸ்டிக்கை மிக மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். குறி வழுக்கிக்கொண்டு போக வேண்டும், துள்ளக் கூடாது. முறுக்கும் அச்சைக் கட்டாயம் பாருங்கள்.

நான் பார்க்காமல் வாங்கினேன். கையை எடுத்தாலும் குறி காய்ச்சல்காரன் கை மாதிரி நடுங்கியது. அதை மறைக்க டெட்சோனை, அதாவது நடுவில் அசைவைக் கணக்கெடுக்காமல் விடும் பகுதியை, 20 வீதத்துக்கு ஏற்றினேன். நடுக்கம் போனது, கூடவே விமானமும் போனது. நடுவில் எவ்வளவு அசைத்தாலும் ஒன்றும் நடக்காது, எல்லை தாண்டியதும் திடீரென்று சரியும். கை விட்டிருக்கும்போது குறி அசையாமல் நிற்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் டெட்சோன். நல்ல ஸ்டிக்குக்கு ஓரிரண்டு வீதம் போதும். கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி வளைவும் அப்படித்தான். நடுவை மென்மையாக்கினால் ஓரம் செங்குத்தாகும், இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஒன்றை வைத்துவிட்டு இரண்டு கிழமைக்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு மோசமான லாண்டிங்குக்குப் பிறகும் செட்டிங்கை மாற்றினால் கை எதைத்தான் பழகுவது?

"ஸ்டிக் பழுது, ஓடும்போது இடப்பக்கம் இழுக்குது" என்று மச்சான் ஒருவன் திருப்பிக் கொடுக்கவே புறப்பட்டான். பழுதில்லை, அது செஸ்னாவின் குணம். ஆசனத்திலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொபெல்லர் தள்ளுகிற காற்று உடம்பைச் சுற்றி வந்து வாலின் இடப்பக்கத்தில் அடிக்கிறது, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. மூக்குத் தூக்கி ஏறும்போது கீழிறங்கும் இலை மேலேறும் இலையைவிட அதிகமாக இழுப்பதும் அதோடு சேர்கிறது. வலது ரட்டர் கொடுத்தால் நேராகும். ரட்டரைச் சிமுலேட்டரே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ ரட்டரைப் போட்டுவிட்டால் இது தெரியவே தெரியாது, பிறகு குறுக்குக் காற்றில் இறங்கும் நாளில்தான் கால் பழகவில்லை என்று விளங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ட்ரிம்மை, அதாவது கையால் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிற்க வைக்கும் அமைப்பை, மறப்பது. ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளிப் பிடித்தபடியே ஒரு மணித்தியாலம் பறந்து, மணிக்கட்டு வலிக்கிறது என்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். உண்மையான செஸ்னாவில் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால் கையில் இருக்கும் பாரம் குறையும். வீட்டு ஸ்டிக்கில் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும், ட்ரிம் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியாது. அதனால் ஒழுங்கை மனதில் வைக்க வேண்டும். முதலில் பவரைத் தேவையான அளவில் வையுங்கள், பிறகு ஸ்டிக்கால் மூக்கைத் தேவையான இடத்தில் பிடியுங்கள். விமானத்தின் வேகம் நிலைக்கும்வரை பொறுங்கள். பிறகு ட்ரிம்மைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டே கையை நடுவுக்குத் தளர விடுங்கள். கையை எடுத்தும் மூக்கு அங்கேயே நின்றால் சரி. ஸ்டிக்கின் பெருவிரல் எட்டும் இரண்டு பட்டன்களை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஏ320இல் சாதாரண நிலையில் இது தானாக நடக்கும். அதனால்தான் ஏர்பஸ்ஸில் தொடங்கியவர்கள் செஸ்னாவுக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள்.

இறுக்கிப் பிடிப்பதும் அதன் கூடப்பிறந்த தவறு. முழங்கையை எங்காவது ஊன்றி, மூன்று விரலால் பிடியுங்கள். வாவியில் எஞ்சின் போட் ஓட்டியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. பிடியைத் திருப்பிய உடனே போட் திரும்பாது. திரும்பவில்லையென்று இன்னும் திருப்பினால் பிறகு அளவுக்கு மேல் திரும்பும், அதைச் சரிக்கட்ட மறுபக்கம், இப்படியே பாம்பு மாதிரிப் போக வேண்டியதுதான். லாண்டிங்கில் ஓடுபாதைக்கு மேலே மூக்கு ஏறி இறங்கி ஏறுவதும் இதே கதை. கொஞ்சம் அசைத்து, பொறுத்து, பார்த்து, மறுபடி கொஞ்சம்.

இரண்டு சில்லறைத் தவறுகள். கேம்பேட்டைக் கழற்றாமல் ஸ்டிக்கையும் செருகினால் இரண்டும் ஒரே அச்சுக்குச் சண்டை பிடிக்கலாம். ரட்டருக்கும் பிரேக்குக்கும் கால் பெடல் பூட்டிய அன்று விமானம் நகரவே நகராவிட்டால், பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால், காலை எடுத்தால்தான் முழு பிரேக் பிடிக்கும்.

பழகுவதற்கு லண்டனும் துபாயும் வேண்டாம். விசிசிபி (VCCB) என்று அடித்தால் திமிலைதீவில் இருக்கிற நம்முடைய மட்டக்களப்பு விமான நிலையம் வரும், ஒரே ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கு 06, 24 என்று பெயர். செஸ்னா 172 ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றி இறக்குங்கள். வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும் மாரியில் 06இலும், தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் 24இலும் காற்றை எதிர்த்து இறங்கலாம். (வறுத்த கச்சான் அல்ல, காற்று.) உண்மையான வானிலையைப் போட்டுக்கொண்டால், ஜன்னலுக்கு வெளியே தென்னை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே எந்த முனை என்று சொல்லிவிடலாம். மேற்கு கொஞ்சம் கூடி வலப்பக்கமிருந்து தள்ளும் பின்னேரங்களில் இடக்காலும் வலக்கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டிவரும். முதல் பத்து இறக்கத்தில் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள்தான் போவீர்கள், நான் போனேன்.