வேலூரில் போட்ட கிளிப், இங்கிலாந்தில் கேட்கும் கிரேடு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு இங்கிலாந்து வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையை மறப்பதில்லை. பல் டாக்டர் கொடுத்த காகிதங்கள்தான் பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. பிள்ளைக்குக் கிளிப் போட ஆரம்பித்திருந்தால் சிகிச்சைக் கடிதம், எக்ஸ்ரே, போட்டோ, பல் அச்சு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். நாங்கள் வாங்காமல் வந்து, மகளுக்கு எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

கடிதத்தில் 'கிளாஸ் 2' என்பதுபோல் எழுதியிருக்கும். அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள், மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் விதத்தை (கடிப்பை) வகைப்படுத்த 1899-இல் வகுத்த முறை அது. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்தான் அதற்கு அடையாளம். பிள்ளையைப் பின்பற்களால் நன்றாகக் கடிக்கச் சொல்லி, கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். மேல்பல்லின் வெளிப்பக்க முன்மேடு கீழ்ப்பல்லின் வெளிப்பள்ளத்தில் வந்து உட்கார்ந்தால் கிளாஸ் 1. தெத்துப்பல் இருந்தாலும் அது கிளாஸ் 1 ஆகலாம். கீழ்ப்பல் பின்தங்கி நின்றால் 2, முந்திக்கொண்டு நின்றால் 3. நாம் எத்துப்பல் என்பது பெரும்பாலும் கிளாஸ் 2-இன் முதல் பிரிவு. இரண்டாம் பிரிவில் மேல் முன்பற்கள் உள்ளே சாய்ந்திருப்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆக, அந்த எண் கடிப்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. இங்கே என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பார்ப்பது கிரேடு, 1 முதல் 5 வரை. அதுதான் தீவிரத்தைச் சொல்லும். மேல் முன்பல் கீழ்ப்பல்லை விட்டு 6 மி.மீ.க்கு மேல் தள்ளியிருந்தால் 4, 9 மி.மீ.க்கு மேல் என்றால் 5. ஆம்பூர்க்காரர் ஒருவர் போன் செய்து, "ஊர்ல ரெண்டுன்னாங்க, இங்க நாலுங்கிறாங்க, முத்திப்போச்சா?" என்று பதறினார். பையனுடைய பல் அப்படியேதான் இருந்தது.

18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 4, 5 கிரேடு என்றால் என்ஹெச்எஸ்ஸில் சிகிச்சை இலவசம். 3 என்றால் தோற்றத்துக்கான தனி அளவையில் 6 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். முதலில் சாதாரணப் பல் டாக்டரிடம் போக வேண்டும், அவர்தான் அனுப்பி வைப்பார். காத்திருப்பு நீளும். பிள்ளைக்கு 16, 17 ஆகிவிட்டதென்றால் வந்த வாரமே டாக்டரைத் தேடுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், கம்பி கன்னத்தில் குத்தினால் கொஞ்சம் பல் மெழுகை உருட்டி அதன்மேல் அழுத்திவிடுங்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்வரை தாங்கும். ஊரிலிருந்தே இரண்டு டப்பா எடுத்து வாருங்கள்.