ஒரே பிள்ளை, மூன்று ஏடு: வார்டு அளவில் குழந்தைத் தரவைச் சேர்க்க மாநகராட்சியிடம் நிதி கேட்பது எப்படி?

வடசென்னையில் எங்கள் தெருப் பால்வாடியில் அன்று எடை போடும் நாள். ஒரு பையனுக்கு மூன்று மாதமாக எடை கூடவே இல்லை. "இவன் பிறக்கும்போதே எடை கம்மியா டீச்சர்?" என்று கேட்டேன். "அது கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில இருக்கும்மா. எங்க ஏட்டுல பிறந்த எடை வராது" என்றார். அவனே அடுத்த வருடம் எல்.கே.ஜி.க்குப் போவான். அங்கே அவனுக்கு வெள்ளைத் தாளில் புதுப் பெயர்ப் பதிவு தொடங்கும். பால்வாடியில் எழுதிய எதுவும் கூடப் போகாது.

இந்த மூன்று ஏட்டையும் ஒரு தாளில் பார்க்க முடிந்தால்தான் சத்துமாவும் முட்டையும் பாட்டும் கதையும் பிள்ளைக்கு என்ன செய்தன என்று சொல்ல முடியும். அதற்கு ஆகும் செலவு சின்னது. ஆனால் அது யாருடைய கணக்கிலும் இல்லாததால் யாரும் செய்வதில்லை. அந்தச் செலவை மாநகராட்சியிடம் எப்படிக் கேட்பது என்று, இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: எந்த ஏடு யார் கையில்?

பால்வாடி என்று நாம் சொல்லும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் வருவது. இங்கே அது மாநில அரசின் சமூக நலத் துறையைச் சேர்ந்தது. டீச்சர் நோட்டிலும் எழுதுகிறார், போனில் மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றுகிறார். பிறப்பு எடையும் தடுப்பூசியும் பிக்மி என்ற தாய் சேய் நலக் கணினிப் பதிவில் இருக்கும். நம் வார்டில் அதைக் கவனிப்பது மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். எல்.கே.ஜி. மாநகராட்சிக் கல்வித் துறையின் கையில்.

ஆக, மூன்றில் இரண்டு ஏடு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கு உட்பட்டவை. இந்தச் செலவை மாநகராட்சி ஏற்க வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது. மனுவின் முதல் வரியிலேயே இதை எழுதுங்கள்.

படி 2: ஒரே ஒரு கேள்வி

"குழந்தைகளைப் பற்றி எல்லாத் தரவும் வேண்டும்" என்று போனால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது இது: இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளைகள், ஆறு மாதத்திலிருந்து சத்துமாவைத் தவறாமல் வாங்கினால், மூன்று வயதுக்குள் வயதுக்கேற்ற எடைக்கு வருகிறார்களா?

இந்தக் கேள்விக்கு வேண்டியது ஆறு விவரம்தான்: பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பிறப்பு எடை, சத்துமாவு வாங்கிய மாதங்கள், எடை, எடை போட்ட தேதி. சாதி, வருமானம், ஆதார் எதுவும் வேண்டாம். கேள்விக்கு உதவாத ஒரு கட்டம் கூடத் தாளில் இருக்கக் கூடாது.

படி 3: அனுமதியும் ஒப்புதலும்

டீச்சர் நமக்குத் தெரிந்தவர் என்பதற்காக ஏட்டைப் போனில் படம் எடுத்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது அவர்தான். குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மண்டல சுகாதார அதிகாரிக்கும் கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் பெற்றோர். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அரைப் பக்கத்தில், பேச்சு நடையில், எதற்கு எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் சத்துமாவு நிற்காது என்று எழுதி, வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் பல அம்மாக்களின் முகம் தெளிகிறது.

படி 4: மூன்று ஏட்டையும் இணைப்பது

உழைப்பு முழுக்க இங்கேதான். பெயரை வைத்து இணைக்கலாம் என்று நினைத்தால் முதல் மணி நேரத்திலேயே திணறிப்போவீர்கள். ஆஸ்பத்திரி ஏட்டில் பிள்ளைக்குப் பெயரே இருக்காது. 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மா பெயர் இருக்கும். பால்வாடியில் வீட்டில் கூப்பிடும் பெயர். பள்ளியில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர். 'தர்ஷன்' ஓர் இடத்தில் 'தர்சன்', இன்னோர் இடத்தில் இனிஷியல் முன்னால், மற்றோர் இடத்தில் பின்னால்.

அதனால் எண்ணைப் பிடியுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கே கர்ப்பத்தைப் பதியும்போது பிக்மி வழியாக வரும் ஆர்.சி.எச். எண் கேட்கிறார்கள் என்பதால் பெரும்பாலான அம்மாக்களிடம் அது இருக்கும். தாய் சேய் நல அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எண் அம்மாவுக்குத்தான் என்பதால் பிள்ளையின் பிறந்த தேதியையும் சேர்த்தே இணைக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் என்றால் கடைசியில் 1, 2 போட்டுக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களிடம் இந்த எண் இல்லாமல் இருக்கலாம். அப்படி இல்லாதவர்களுக்கு நீங்களே ஓர் எண் கொடுங்கள், விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பார்வைக்குத் தப்பிப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

எக்செலில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நீளமான எண்ணை அது தானாகச் சுருக்கிக் காட்டும். தட்டச்சுத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். தேதியில் 03/04 என்றால் மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று குழம்பும். நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டால் வம்பில்லை.

எல்லாம் இணைந்த பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புது வரிசை எண் கொடுங்கள். எந்த வரிசை எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில், சுகாதார நிலையத்திலோ பால்வாடியிலோ இருக்கட்டும். நம் கணினியில் வரிசை எண் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் எந்தத் தாளும் போகக் கூடாது.

படி 5: எடை சரிதானா?

தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்பு பாருங்கள். செருப்பையும் கனமான உடுப்பையும் கழற்றி, இரண்டு முறை எடை போடுங்கள். உயரமும் எடுப்பதாக இருந்தால் இரண்டு வயது வரை படுக்க வைத்து, அதற்கு மேல் நிற்க வைத்து அளக்க வேண்டும். படுக்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால் இரண்டையும் கலந்தால் கணக்குத் தப்பாகும். எடை குறைவா என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். டீச்சரிடம் அது இருக்கும்.

படி 6: எதோடு ஒப்பிடுவது?

சத்துமாவு தவறாமல் வாங்கியவர்கள் ஒரு பக்கம், வாங்காதவர்கள் மறுபக்கம் என்று பிரித்துப் பார்த்து முடிவு சொல்லத் தோன்றும். கொஞ்சம் நில்லுங்கள். விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போகும் அம்மாவால் பால்வாடி நேரத்துக்கு வர முடியாமல் போகலாம். அவர் பிள்ளையின் எடை குறைவுக்குச் சத்துமாவு வாங்காதது காரணமா, காலையில் ஊட்ட ஆள் இல்லாதது காரணமா? தாள் இதைச் சொல்லாது. வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

இதைச் சரியாகச் செய்த உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. முரளிதரன், கனிமியன், வால்ட்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழக அரசோடு சேர்ந்து 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு ஓர் அரைநேரப் பணியாளரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மையங்களில் பாடம் சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறினார்கள், ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. குலுக்கல் என்பதால் வீட்டு நிலை இரு பக்கமும் சமமாகவே இருந்தது. நம்மால் குலுக்கல் போட முடியாது, சரி. ஆனால் இப்படி ஒப்பிட்டதால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று: 30 பிள்ளைகளில் மூன்று பேர் மாறினாலே 10 சதவீதம் மாறியதாகத் தெரியும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, '30-ல் 3 பேர்' என்றே எழுதுங்கள்.

படி 7: செலவுக் கணக்கு

ஐந்து பால்வாடி, ஒவ்வொன்றிலும் 30 பிள்ளைகள் என்றால் 150 பேர். ஒரு பிள்ளையின் விவரங்களைத் தேடி இணைக்கப் பத்து நிமிடம் என்று வைத்தால் 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். ஒரு ஆளுக்கு நான்கு நாள் வேலை. வீடு தேடிப் போக இன்னொரு வாரம். இதோடு பழுதான தராசுகளுக்குப் பதில் புதியவை, ஒப்புதல் படிவ அச்சு, டீச்சர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி, பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பயணப்படி. மனுவில் தொகையை மட்டும் போடாமல் இந்த நாள் கணக்கையும் காட்டுங்கள். படிக்கும் அதிகாரிக்கு அதுதான் நம்பிக்கை தரும். டீச்சரின் தலையில் கூலி இல்லாத இன்னொரு வேலையைக் கட்டுவதாக இருந்தால் மனுவே வேண்டாம்.

படி 8: எந்தக் கதவைத் தட்டுவது?

சென்னை மாநகராட்சியில் 200 வார்டு. ஒவ்வொரு மாமன்ற உறுப்பினருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. தராசு, உயரம் அளக்கும் பலகை போன்ற பொருள்களுக்கு முதலில் அங்கே கேளுங்கள். அரசும் மக்களும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு வேண்டும். தெருவில் வணிகர் சங்கமோ குடியிருப்போர் சங்கமோ பங்கு போட முன்வந்தால் அந்த வழியையும் பாருங்கள்.

ஆள் கூலியும் பயிற்சியும் ஆண்டுதோறும் வரும் செலவு. அதை மாநகராட்சியின் கல்வி, சுகாதாரத் துறைகளின் பட்ஜெட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். நாம் கட்டும் சொத்து வரியிலேயே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். மனு தீபாவளியை ஒட்டியே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

மனுவுக்கு முன்னால், வார்டு மக்கள் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"எங்கள் வார்டில் ஐந்து அங்கன்வாடிகளின் 150 குழந்தைகளுடைய பிறப்பு எடை, சத்துமாவு, தற்போதைய எடை ஆகிய விவரங்களைப் பெற்றோர் ஒப்புதலுடன் இணைக்க, இணைப்பில் கண்டுள்ள செலவினத்துக்கு நிதி ஒதுக்குமாறும், மூன்று துறை அலுவலர்களும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை மண்டல அலுவலகத்தில் கூட்டுமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டாவது கோரிக்கைக்குப் பணமே தேவையில்லை. ஆனால் அதுதான் காரியத்தை நடத்தும். மனுவின் நகலில் சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள். பதிலே வராவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மனுவின் நிலை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

படி 9: முடிவை யாரிடம் சொல்வது?

முதலில் டீச்சரிடம், அப்புறம் அம்மாக்களிடம், அதன் பிறகே அதிகாரிகளிடம். பால்வாடிச் சுவரில் ஒட்டும் தாளில் எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம். எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு இன்னும் கவனிப்பு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அந்தப் பையனின் அம்மா தாய் சேய் அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துவந்தார். பிறப்பு எடை 2.1 கிலோ. டீச்சர் அதைத் தன் ஏட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டு, அடுத்த எடை நாளுக்கு முன்பே அவனைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகத் தேதி குறித்தார்.