மூன்று நாள் லீவு, ஓர் அணை, ஆறு டிங்கி: கொங்கு நாட்டில் பாய்ப்படகுப் பந்தயம் நடத்தும் முறை

ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி முடியும்வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வந்துகொண்டே இருக்கும். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தச் சந்தில் நெருக்கிப் பிடித்து வருவதால் அதற்கு வேகம் கூடுகிறது. உடுமலை, பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதும், அணைத் தண்ணீரில் பாயை நிரப்புவதும் ஒரே காற்றுதான். ஆனால் இது கடல்காற்று மாதிரி சீராக வராது. மலை முகட்டையும் தென்னந்தோப்பையும் அணைக் கரையையும் தாண்டி, துண்டு துண்டாக வரும். இந்த நிமிடம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் அடுத்த நிமிடம் 25. கடலில் பழகியவர்களைக்கூட முதல் அரைமணி நேரத்தில் இது கவிழ்த்துவிடும். அதனால் முதல் நாளே பந்தயம் வைக்காதீர்கள். ஒரு நாள் படகுக்கு, ஒரு நாள் தொடக்கக் கோட்டுக்கு, கடைசி நாள் பந்தயத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

இடமும் அனுமதியும்

அணை நீர்வளத்துறையின் கையில் இருக்கிறது, பல இடங்களில் கரை வனத்துறையின் கையில். இரண்டு பேரிடமும் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் படகை இறக்கக் கூடாது. எத்தனை படகு, எத்தனை பேர், எந்தக் கரை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மீட்புப் படகு எது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் நடக்காது, இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

அமராவதி அணையைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அங்கே முதலைகள் இயற்கையாகவே இனம் பெருக்கி வாழ்கின்றன. டிங்கி என்கிற இந்தச் சின்னப் பாய்ப்படகை ஓட்டுகிறவர் எப்படியும் தண்ணீரில் விழுவார். பவானிசாகரின் கரை புலிகள் காப்பகத்தை ஒட்டியது, யானைகள் தண்ணீருக்கு இறங்கும். வேறு எந்த நீர்த்தேக்கமானாலும் முதலில் அங்கே பரிசல் ஓட்டும் மீனவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: முதலை உண்டா, வலை எங்கே கட்டியிருக்கிறது, தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது. மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மட்டம் அதற்குச் சற்று மேலே இருக்கும் நாள்தான் ஆபத்து: கண்ணுக்குத் தெரியாது, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையான டாகர்போர்டுக்குத் தட்டும். மதகு, ஷட்டர் இருக்கும் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

படகு இறக்க, காற்று கரையோரமாகவே ஓடும் இடத்தைப் பாருங்கள். காற்று கரையை நோக்கி அடித்தால் கிளம்ப முடியாது. கரையிலிருந்து தண்ணீருக்கு அடித்தால் கிளம்புவது சுலபம், ஆனால் திரும்பி வருவது பெரும்பாடு. கல் பதித்த கரை வேண்டாம், படகின் ஃபைபர் உடம்பு கீறிவிடும்.

படகு

இங்கே சொல்வதெல்லாம் ஐஎல்சிஏ வகைப் படகை வைத்துத்தான், பழைய பெயர் லேசர். நீளம் 4.2 மீட்டர், வெறும் உடம்பு 59 கிலோ. ஒரே உடம்புக்கு மூன்று அளவுப் பாய் உண்டு: ஐஎல்சிஏ 4-க்கு 4.7 சதுர மீட்டர், 6-க்கு 5.76, 7-க்கு 7.06. ஓட்டுகிறவர் 55 கிலோவுக்குக் கீழே என்றால் 4, 55 முதல் 70 வரை என்றால் 6, அதற்கு மேல் 7. ஆடிக் காற்றில் புதியவர்கள் ஓர் அளவு கீழே இறங்குவதே புத்தி.

பிக்கப் வண்டியில் ஏற்றும்போது அடியில் லாரி ட்யூப் இரண்டு, மேலே பழைய ஜமக்காளம். ராட்செட் பெல்ட்டை முழு பலத்தோடு முறுக்கினால் படகின் உடம்பு உள்ளே அமுங்கும், அசையாத அளவு போதும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

பாய்மரத்தை வண்டி நிற்கும் இடத்தில் நடாதீர்கள். நட்டபின் உயரம் 6 மீட்டர், அலுமினியக் குழாய். தோட்டத்து மோட்டார் கொட்டகைக்குப் போகும் கரண்ட் கம்பி அதைவிடத் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. தண்ணீர் ஓரத்துக்குப் படகைக் கொண்டுபோய், தலைக்கு மேலே பார்த்துவிட்டு நடுங்கள்.

முதல் நாள்

பாய்மரம் இறங்கும் குழிதான் இந்தப் படகின் உயிர்நாடி. நம் ஊர்ச் செம்மண்ணும் மணலும் அதில் விழுந்தால், பாய்மரம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அடியைத் தின்றுவிடும். ஒருநாள் பலத்த காற்றில் அது ஓட்டையாகி, படகுக்குள் தண்ணீர் இறங்கும். எனவே முதலில் குழியை ஈரத்துணியால் துடையுங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகு இந்த லீவுக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பிறகு வரிசையாக: பாய்மரத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து, பாயின் உறையை அதன்மேல் மாட்டி, குழியில் நிறுத்துங்கள். கவிழ்ந்தால் பாய்மரம் குழியிலிருந்து உருவிக்கொண்டு போகாமல் இருக்க ஒரு பிணைப்புக் கயிறு உண்டு, பலர் மறப்பது இதைத்தான். பாயின் அடியை விரித்துப் பிடிக்கும் கிடைக்கம்பான பூமை மாட்டி, அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும் ‘வேங்’ என்ற கயிற்றைப் பூட்டுங்கள். பாயை இழுக்கவும் விடவும் உதவும் கயிறான மெயின்ஷீட் 7 மில்லிமீட்டர் தடிமன், சுமார் 14 மீட்டர். நைலான் கயிறு இழுவைக்கு நீளும், பாலியஸ்டர் வாங்குங்கள். சுக்கானை மாட்டியபின் அதன் பிடிப்புத் தகடு சொடுக்கென்று பூட்டியதா என்று மேலே தூக்கிப் பாருங்கள். கடைசியாகப் பின்புற வடிகால் திருகு. அதைப் போடாமல் இறங்கினால், இருபது நிமிடத்தில் படகு ஏன் இப்படிச் சோம்புகிறது என்று தோன்றும். அதற்குள் உள்ளே வாளிக் கணக்கில் தண்ணீர் இருக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டவரின் தோள்பட்டைப் பட்டியைப் பிடித்துத் தூக்குங்கள். காதுவரை ஏறினால் அது அளவு பெரிது. கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவருக்கும் ஜாக்கெட் கட்டாயம். பூம் தலையில் அடித்தால் நீச்சல் உதவாது.

அன்று மதியம்வரை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று முறை. கவிழ்ந்ததும் படகை விட்டு நீந்தக் கூடாது. மெயின்ஷீட்டை முழுக்கத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் நிமிர்ந்த படகு மறுநொடியே ஓடும் அல்லது மீண்டும் கவிழும். சுற்றிப் போய் டாகர்போர்டைப் பிடியுங்கள். படகின் மூக்கு காற்றைப் பார்க்கும்வரை ஒரு கணம் பொறுத்து, போர்டின் மேல் படகின் உடம்பை ஒட்டியே ஏறி நின்று, அதன் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். போர்டின் நுனியில் நின்றால் அது முறியும். முழுக்கத் தலைகீழானால் விளிம்பின் உதட்டில் கால் வைத்து, டாகர்போர்டைப் பிடித்து மெல்ல இழுங்கள்.

கடலில் இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் தலைகீழானால் பாய்மர நுனி வண்டலில் சொருகிக்கொள்ளும். அப்போது போர்டில் ஏறிக் குதித்தால் பாய்மரம் வளைந்து வீணாகும். மீட்புப் படகு வரட்டும். சொருகிய திசைக்கு நேர் எதிராக மெதுவாக இழுத்தால் உருவிக்கொண்டு வரும். பந்தயம் நடத்தும் இடத்தில் குறைந்தது நாலாள் மட்டம் ஆழம் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நுனியில் கல் கட்டிய கயிற்றில் ஓராள் மட்டத்துக்கு ஒரு முடிச்சு போட்டு அளந்து பாருங்கள்.

மீட்புக்கு மோட்டார் படகே வேண்டும், ஆறு டிங்கிக்கு ஒன்று. பரிசல் காற்றை எதிர்த்துப் போகாது. அதைக் கரையோர உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். மீட்புப் படகில் 15 மீட்டர் கயிறு, உறையோடு ஒரு கத்தி, விசில், முதலுதவிப் பெட்டி.

இரண்டாம் நாள்: காற்றும் கோடும்

வானிலைச் செயலியைவிட கரையிலுள்ள தென்னையை நம்புங்கள். ஓலை மட்டும் சலசலத்தால் புதியவர்கள் இறங்கலாம். புழுதி எழும்பிச் சிறு கிளைகள் ஆடினால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர், பழகியவர்களுக்கு மட்டும். சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் 29-ஐத் தாண்டிவிட்டது, எல்லோரும் கரையில் இருங்கள். காலை 7 முதல் 10 வரை பெரும்பாலும் மென்மை, உச்சிக்குப் பிறகு முரட்டுத்தனம். எங்கேயாவது இடி கேட்டால் உடனே கரை. தண்ணீரின் நடுவே நிற்கும் அலுமினியக் கம்பம்தான் அங்கே உயரமான பொருள்.

வேகக்காற்று வருவது தண்ணீரில் தெரியும்: கரிய சுருக்கம் ஒன்று உங்களை நோக்கி ஓடிவரும். அது தொடுவதற்கு முன்பே உடம்பை வெளியே சாய்த்து, தொட்ட கணத்தில் மெயின்ஷீட்டை ஒரு முழம் விட்டு, படகு நிமிர்ந்ததும் திரும்ப இழுங்கள். படகு சாய்ந்த பிறகு விட்டால் பூம் தண்ணீரில் இடிக்கும், அதற்கு மேல் விட இடமே இருக்காது. பாயையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் அணையில் ஒருநாளும் ஜெயிப்பதில்லை. கண் 50 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும்.

காற்றுக்கு நேரே இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் இந்தப் படகு போகாது. திரும்பும்போது நடுவில் மாட்டிக்கொண்டால் பூமைக் கையால் வெளியே தள்ளி, சுக்கான் கைப்பிடியையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து மூக்கு விலகும். விலகியதும் இரண்டையும் இழுங்கள், ஓடத் தொடங்கும்.

காற்று முதுகில் வரும்போது பாயை மறுபக்கம் மாற்றுவதில் இந்தப் படகுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பூம் குறுக்கே வரும்போது தளர்ந்த மெயின்ஷீட் பின்புற மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். பூம் பாதியில் நிற்கும், படகு உருளும். பூம் நடுக்கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டுங்கள், மூலையைத் தாண்டிப் பறந்துவிடும். காலையில் கரையிலேயே, படகைப் புல்லில் வைத்து, இருபது தடவை பழகலாம்.

மிதவைக்கு 20 லிட்டர் மஞ்சள் கேன்கள், நங்கூரத்துக்கு மணல் நிரப்பிய சிமென்ட் சாக்கு. கயிறு நீளமாகத் தளர்ந்து கிடந்தால் சுக்கானில் சிக்கும். மிதவைக்கு இரண்டு மீட்டர் கீழே ஒரு செங்கல்லைக் கட்டினால் கயிறு நேராகத் தொங்கும். காற்றின் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, இடையே 400 மீட்டர், இரண்டு சுற்று: ஒரு பந்தயம் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். இதைவிட நீளமான ஓட்டம் வேண்டாம். இடையில் காற்று திசை மாறி, முழுப் பந்தயமும் அதிர்ஷ்டமாகிவிடும்.

தொடக்கக் கோடு காற்றுக்குக் குறுக்காக. நீளம், எல்லாப் படகுகளின் மொத்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு; ஆறு படகுக்குச் சுமார் 38 மீட்டர். மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்துக் கோட்டின் நடுவில் நில்லுங்கள். மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ அந்த முனை லாபம். எல்லோரும் ஒரே முனையில் குவிந்தால் கோட்டைச் சரிசெய்ய வேண்டியது நடத்துகிறவர் வேலை.

நேரக்கணக்கு: கிளம்ப 5 நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது அந்தப் படகு வகைக்கான கொடி, ஏறும். 4-ல் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏறும். 1 நிமிடம் இருக்கும்போது அது நீண்ட விசிலோடு இறங்கும். பூஜ்ஜியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கும், கிளம்பலாம். விசில் காற்றில் கேட்காமல் போகலாம், கணக்கு கொடிக்குத்தான். திருப்பூர்த் துண்டுத்துணியில் இவற்றை ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். இதை மட்டும் அன்று எட்டுப் பத்து முறை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாம் நாள்

எல்லோருக்கும் காலையில் நாலு விதி சொன்னால் போதும். காற்று வலப்பக்கம் படும் படகுக்கு வழி, இடப்பக்கம் படும் படகு விலக வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கம் என்றால் காற்றின் மேல்பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரை இடிக்கக் கூடாது. மிதவையிலிருந்து மூன்று படகு நீளத்துக்குள் நுழையும்போது உள்பக்கம் இணையாக இருப்பவருக்குச் சுற்ற இடம் விட வேண்டும். வழி தரத் தவறியவர் உடனே விலகி இரண்டு முழு வட்டம் அடிக்க வேண்டும், மிதவையைத் தொட்டவர் ஒன்று. மீனவரின் பரிசலுக்கும் வலைக்கும் எல்லோரும் விலக வேண்டும். அது அவர்கள் பிழைப்பு நடக்கும் தண்ணீர்.

முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டுக்கு 2. முடிக்காதவருக்குப் படகு எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. குறைந்த புள்ளியே வெற்றி. ஐந்து பந்தயம் நடந்தால் ஒவ்வொருவரின் மோசமான ஒன்றைக் கழியுங்கள். படகுகள் புதிதும் பழசுமாக இருந்தால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் படகை மாற்றி ஓட்டுங்கள். எந்தக் கணக்கைவிடவும் அதுவே நியாயம்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். இடைவேளையில் உப்புப் போட்ட மோரும் கம்மங்கூழும் நன்றாகத் தாங்கும். பிரியாணி மாலைக்கு இருக்கட்டும்.

படகில் கீறல் விழுந்தால் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் ஒட்டுங்கள். கடையில் ரெசின், கோபால்ட், ஹார்டனர் மூன்றும் தனித்தனியாகத் தருவார்கள். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கி, அதன் பிறகே 100 கிராமுக்கு 1 முதல் 2 மில்லி ஹார்டனர் சேருங்கள். கோபால்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

கிளம்பும்முன் ஆட்களை எண்ணுங்கள், பிறகு மிதவை, சாக்கு, கயிறு எல்லாம் தண்ணீரிலிருந்து வந்ததா என்று எண்ணுங்கள். வடிகால் திருகைக் கழற்றி, மூக்கைத் தூக்கி, உள்ளே இருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்து எழுதிவையுங்கள். ஒரு டம்ளருக்கு மேல் வந்தால், அடுத்த லீவுக்கு முன் அந்தப் படகில் ஓட்டை தேட வேண்டும்.