முகாமில் பிறந்தவர் பாஸ்போர்ட் கேட்டு வழக்குப் போடுவது எப்படி?

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் போன்ற இலங்கைத் தமிழ் அகதி முகாம்களில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவுப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். பெற்றோர் படகேறி வந்தவர்களா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. முகாம் அட்டையில் ‘இலங்கை’ என்று எழுதியிருப்பதால் இந்த உரிமை போய்விடாது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான்.

அதனால் ‘குடியுரிமை வழங்குங்கள்’ என்று மனு எழுதாதீர்கள். நீங்களே வெளிநாட்டவர் என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். ‘நான் குடிமகன், பாஸ்போர்ட் கொடுங்கள்’ என்றே கேளுங்கள்.

பிறப்புச் சான்று இல்லையா? பிறந்த ஊர்ப் பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் பழைய முகாம் அட்டை மூன்றையும் இணையுங்கள். அட்டையில் ஒரு இனிஷியல், டி.சி.யில் வேறொன்று என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான்.

சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கைக் குடியுரிமை பதிந்திருந்தால் வக்கீலிடம் மறைக்க வேண்டாம். சுயவிருப்பத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அதே குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இந்தியக் குடியுரிமையைப் பறிக்கும். சிறுவயதில் பெற்றோர் பதிந்தது சுயவிருப்பமாகுமா என்று வாதாடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் முன்பே அரசுத் தரப்பு அதை எடுத்து வீச விட்டுவிடக் கூடாது.

பாஸ்போர்ட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; பாஸ்போர்ட் சட்டம் 5(3) பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. பதிலே வராவிட்டால் ஒப்புகையோடு தபாலில் கோரிக்கை மனு அனுப்பிவிட்டு, அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள்.

மனுவில் வாதங்களின் வரிசை முக்கியம். 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையை முதலில் வைத்தால், ‘இந்தியா அதில் கையெழுத்திடவில்லை’ என்ற ஒரே வரியில் அரசு வக்கீல் முடித்துவிடுவார். முதலில் 3-ஆம் பிரிவு. அடுத்து, குடிமகன் அல்லாதவருக்கும் பொருந்தும் அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) உறுப்புகள். பேச்சுரிமை போன்றவற்றைத் தரும் 19-ஆவது உறுப்பு குடிமக்களுக்கு மட்டும். கடைசியில், இந்தியா 1979-இல் ஏற்ற குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையும் 1992-இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும். உள்நாட்டுச் சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தை இவற்றால் நிரப்பலாம் என்று 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு சொன்னது. சட்டம் தெளிவாக எதிராக இருந்தால் இவை எடுபடா.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் சிக்குவது அங்கேதான். தாய் குடிமகளாக இருந்தாலும், தகப்பன் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் என்றால் அவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. பிள்ளைக்குப் பிறப்புக் குடியுரிமை கிடைக்காது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்கிறது குழந்தை உரிமை உடன்படிக்கை. ஆனாலும் அதை மட்டும் நம்பி இந்த வழக்கைப் போடாதீர்கள்.

வக்கீல் செலவுக்கு, மதுரைக் கிளையிலேயே உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் சிறார்களுக்கும் வருமான வரம்பு கிடையாது.