‘முன் அனுபவம் இல்லை’ என்ற தயக்கத்தில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

முதல் வேலைக்கான நேர்காணலில் "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி வந்ததும் பெரும்பாலான மாணவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. தீபாவளி நெருங்கும்போது துணிக்கடைக்கு ஆள் எடுப்பவரும், புதிதாகப் படிப்பை முடித்தவர்களைத் தேடும் நிறுவனத்தாரும், எதிரில் அமர்ந்திருப்பவருக்கு அனுபவம் இருக்காது என்று தெரிந்துதான் அழைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கூச்சம் மாணவரை விடுவதில்லை. கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் செய்யும் தவறுகள் சில, வேலையே கிடைக்காமல் போவதைவிடப் பெரிய இழப்பில் கொண்டுபோய் விடுகின்றன.

அவற்றில் முதலாவது, கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கான முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலைக்குச் சேரும் முன்பே பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். 500 ரூபாய்தானே என்று ஒருவர் நினைக்கும் தொகையைப் பலரிடம் வாங்கிக்கொண்டு, சில வாரங்களில் அலுவலகத்தையே காலிசெய்துவிடும் போலி கன்சல்டன்சிகள் உண்டு. டெலிகிராமில் உணவகங்களுக்கு விமர்சனம் எழுதச் சொல்லி, முதலில் நூறு இருநூறு ரூபாயை உண்மையாகவே அனுப்பி நம்பிக்கையை வளர்த்துவிட்டு, பிறகு ‘டாஸ்க்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் இதே வகைதான். ஏமாந்துவிட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று ஒளிக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் தகவல் சேர்ந்தால்தான் அதை முடக்க முடியும்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வங்கிக் கணக்கை வாடகைக்குக் கொடுக்கும் ‘வேலை’. உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், மாதாமாதம் பணம் தருகிறோம் என்று கல்லூரி மாணவர்களைத் தேடி வருகிறார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கின் வழியாகப் போகும்போது, காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கின் உரிமையாளர் வீட்டு வாசலில்தான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி எளிதில் வெளிவர முடியாது. பின்னாளில் கடவுச்சீட்டுக்கோ அரசுப் பணிக்கோ முன்வரலாறு சரிபார்க்கப்படும்போதும் அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

அசல் சான்றிதழ்களும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களையும் மாற்றுச் சான்றிதழையும் நேரில் காட்டலாம், நகல்களைக் கொடுக்கலாம், அசலை விட்டுவிட்டு வரக்கூடாது. மேற்படிப்புக் கலந்தாய்வுக்கு அது தேவைப்படும் நாளில், இன்னும் ஓராண்டு வேலை செய்தால்தான் தருவோம் என்ற பதிலைக் கேட்டு நிற்க வேண்டிவரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னால், எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு என்ற இரண்டையும் படித்துப் பார்த்து, பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சுயவிவரத்தில் இரு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய போலி அனுபவச் சான்றிதழை இணைப்பவர்கள் ஒருபுறம். வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொரு ஊழியருக்கும் தரப்படும் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு ஒருவர் முன்பு எங்கே, எப்போது வேலை செய்தார் என்று பார்த்துவிட முடியும் என்பதால், சேர்ந்து சில மாதங்கள் கழித்துக்கூட இந்தப் பொய் வெளிப்பட்டு வேலை போகும். மறுபுறம், எழுத ஒன்றுமில்லை என்று பாதிப் பக்கத்தை வெறுமையாக விடுபவர்கள். என்.எஸ்.எஸ். ஏழு நாள் சிறப்பு முகாமில் சமையல் பொருட்களுக்குக் கணக்கு வைத்தது, அப்பாவின் மளிகைக் கடையில் சனி ஞாயிறுகளில் கல்லாவில் அமர்ந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எல்லாம் பொறுப்பேற்று முடித்த வேலைகளே. ‘கடின உழைப்பாளி’ என்ற சொல்லைவிட, ‘இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் கடையின் கொள்முதல் கணக்கைப் பார்த்தேன்’ என்ற ஒரு வரியே ஆள் எடுப்பவரின் கண்ணில் படும். அரியர் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

தேடும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்ஆப் குழுக்களில் வருவதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும், 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளுக்கும் கட்டணம் இல்லை. பட்டம் முடித்தவர்கள் உதவித்தொகையுடன் கூடிய தொழில் பழகுநர் பயிற்சியில் ஓராண்டு சேர்ந்தால், அடுத்த நேர்காணலில் அந்த அனுபவக் கேள்விக்கு ஒரு சான்றிதழே பதில் சொல்லும்.

படிப்பின் நடுவே வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தைக் கணக்கிடுவதில் தவறுகிறார்கள். சென்னையில் பல கல்லூரிகள் காலை, பிற்பகல் என இரண்டு ஷிஃப்டுகளாக இயங்குவதால் அரைநாள் கையில் இருப்பது உண்மைதான். ஆனால் இரவு முழுவதும் கால் சென்டரில் இருந்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கி, 75 சதவீத வருகைப்பதிவை இழந்து, தேர்வெழுத முடியாத நிலைக்குப் போனால் சம்பாதித்த பணத்தால் அதை ஈடுகட்ட முடியாது. செமஸ்டர் தேர்வு எந்த மாதம், அப்போது எத்தனை நாள் விடுப்பு வேண்டும் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே சொன்னவருக்கு மாற்று ஏற்பாடு செய்ய மேலாளரால் முடியும். தேர்வுக்கு முதல்நாள் இரவு தகவல் அனுப்பிவிட்டு வராமல் இருப்பவருக்கு அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று வாய்மூடி இருப்பது இன்னொரு தவறு. மாதம் 18,000 என்று சொல்லப்படும் தொகை, நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவாக இருக்கலாம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதமாக 1,200 ரூபாய் பிடிக்கப்படும். நிறுவனம் செலுத்தும் 1,200 ரூபாயும் அந்த 18,000க்குள்ளேயே அடங்கியிருந்தால், ஊழியர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கான 0.75 சதவீதமும் போகக் கைக்கு 15,500 ரூபாய்கூட வராது. இது தெரியாமல் அறை வாடகைக்கு ஒப்புக்கொண்டு, முதல் மாதமே கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கைக்கு எவ்வளவு வரும், எந்தத் தேதியில் வரும் என்று கேட்பது உங்கள் உரிமை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம் என்பதால், அதையும் தயங்காமல் கேட்கலாம்.

கிடைத்த வேலையைத் தக்கவைப்பதில் முதல் சில வாரங்களே கடினமானவை. புரியாததைக் கேட்டால் அனுபவம் இல்லாதவன் என்று தெரிந்துவிடும் என எண்ணித் தலையாட்டிவிட்டு, பில்லைத் தவறாகப் போடுபவர்கள் உண்டு. அனுபவம் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் முன்பே தெரியும். சிறிய நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டு, அதே சந்தேகத்தை மூன்றாம் முறை கேட்காமல் இருந்தால் போதும். தவறு நடந்துவிட்டால், வாடிக்கையாளர் புகார் சொல்லும் முன் நீங்களே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். அதற்காக எல்லாவற்றையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி தரப்பட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்திருத்தமே கொண்டுவந்திருக்கிறது. நாள் முழுதும் நின்றே ஆக வேண்டும் என்று சொல்லும் இடத்தில் கால்வலியோடு பொறுத்திருந்து பத்தாம் நாள் சொல்லாமல் நின்றுவிடுவதைவிட, உடன் வேலை பார்க்கும் மூத்தவர்களோடு சேர்ந்து உட்கார இடம் கேட்பது மேல்.

விலகும்போதும் கைப்பேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. எழுத்தில் தெரிவித்து, ஒப்புக்கொண்ட நாட்கள் வரை வேலை செய்து, அனுபவச் சான்றிதழையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். யு.ஏ.என். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுவனத்தில் புதிய எண் வாங்காமல் அதையே கொடுத்தால், முதல் வேலையில் சேர்ந்த தொகையை எளிதில் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.